வானத்தை ஒட்டுக்கேட்ட மாப்பிள்ளை

ராஜபாண்டியன் வீட்டோடு மாப்பிள்ளையாகச் சிவகாசிக்கு வந்த புதிதில், அவனுக்கு ஏற்ற வேலை ஒன்றைக் கண்டுபிடிக்க மாமனார் அய்யாதுரை மனப்பூர்வமாக முயன்றார். முதலில் வெம்பக்கோட்டைப் பக்கம் இருந்த தன் பட்டாசு ஆலைக்கு அனுப்பிப் பார்த்தார். மருந்து வாடை ஒத்துக்கொள்ளவில்லை என்று மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அந்த வாரமே மாப்பிள்ளை திரும்பி வந்துவிட்டான். அடுத்து, மகள் பிரீத்திகா நடத்திவந்த அச்சகத்தில் உட்காரவைத்தார். பட்டாசுப் பெட்டிக்கு லட்சுமி படம் அச்சடிக்கக் கேட்டு வந்த பழைய வாடிக்கையாளரிடம், இந்தக் காலத்தில் யார் லட்சுமி படம் போடுகிறார்கள், நட்சத்திர மண்டலம் போடுங்கள் என்று அவன் பாடம் எடுத்தான். அவர் ஆர்டரோடு அடுத்த தெரு அச்சகத்துக்குப் போய்விட்டார். கடைசியில் ‘ஐ.டி. டைரக்டர்’ என்று ஒரு பெயர்ப்பலகையும் ஏ.சி. போட்ட ஓர் அறையும் கொடுத்து, யாருக்கும் குறுக்கே வராமல் அங்கேயே இருக்கும்படி செய்தார்கள்.

அந்த அறையில்தான் அவனுக்கு வேற்றுக்கிரகவாசிகளைத் தேடும் வேலை அகப்பட்டது.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று நடத்திய திட்டம் அது. பெரிய ரேடியோ தொலைநோக்கிகள் வானத்திலிருந்து வரும் இரைச்சலை ஓயாமல் பதிவு செய்யும். அந்த இரைச்சலுக்குள் எங்கேயாவது, எவராவது வேண்டுமென்றே அனுப்பிய சமிக்ஞை ஒளிந்திருக்கிறதா என்று சலித்துப் பார்க்க வேண்டும். அதற்கு அவர்களிடம் இருந்த கம்ப்யூட்டர்கள் போதவில்லை. அதனால் இரைச்சலைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, உலகம் முழுக்க விருப்பப்பட்டவர்களின் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு இன்டர்நெட் வழியாக அனுப்பினார்கள். கம்ப்யூட்டர் சும்மா இருக்கும் நேரத்தில் அந்தத் துண்டை அலசி, முடிவைத் திருப்பி அனுப்பும். அனுப்பினால் புள்ளி உண்டு. புள்ளிக்குத் தரவரிசை உண்டு. எல்லா வேலையையும் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும். ஆள் செய்ய வேண்டியது அதை அணைக்காமல் இருப்பது மட்டும்தான். ராஜபாண்டியனுக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற வேலை.

எத்தனையோ பேர் இதைச் சத்தமில்லாமல் வீட்டில் ஓடவிட்டுவிட்டுத் தங்கள் பிழைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்ல காரியம்தான். ராஜபாண்டியனால் சத்தமில்லாமல் எதையும் செய்ய முடியாது. தன் கம்ப்யூட்டரில் தொடங்கினான். பிறகு அச்சகத்தில் டிசைன் செய்யும் பெண்களின் கம்ப்யூட்டர்கள், மாமனார் நிர்வாகத்தில் இருந்த பள்ளிக்கூடத்தின் கம்ப்யூட்டர்கள் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டான். ‘ராஜா காஸ்மிக் டீம்’ என்று பெயர் வைத்து விசிட்டிங் கார்டு அடித்தான். அதை அச்சகத்து ஆட்கள் மற்ற வேலையை நிறுத்திவிட்டு, தங்க நிற மையில் அடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. டீமில் அவனைத் தவிர ஆள் கிடையாது.

பள்ளி ஆண்டு விழாவில் பேசக் கூப்பிட்டார்கள். “பட்டாசு சுத்தியே வாழ்க்கையை முடிச்சுக்கிடுற கூட்டத்துல ஒருத்தரா நீங்க ஆயிரக் கூடாது. அண்ணாந்து பாருங்க!” என்று முழங்கினான். முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அந்தச் சீருடையும் செருப்பும் அம்மா பட்டாசு சுற்றி வாங்கிக் கொடுத்தவை. அவன் கழுத்தில் கிடந்த சங்கிலியும் அப்படி வந்ததுதான். பிள்ளைகள் சொன்னபடி அண்ணாந்து பார்த்தார்கள். பந்தல் துணி தெரிந்தது.

வீட்டில் சாப்பாட்டு மேஜையிலும் இதே பேச்சு. “இந்தப் பிரபஞ்சத்துல நாமெல்லாம் ஒரு தூசி மாமா” என்பான்.

“தூசிக்குத்தான் மாப்பிள்ளை இம்புட்டு நெய் ஊத்திப் பிசையிறீகளா?” என்று அய்யாதுரை கேட்பார். வேலைக்காரப் பெண்கூடச் சிரிப்பாள். ராஜபாண்டியன் சிரிக்க மாட்டான். தன்னைப் புரிந்துகொள்ள இந்த ஊருக்கு இன்னும் நூறு வருடம் ஆகும் என்பது அவன் முடிவு. மாமனாரை வெடிமருந்து வியாபாரி என்றும், மனைவியை லேபிள் அடிக்கிறவள் என்றும் மனதுக்குள் எழுதி வைத்திருந்தான். அவர்கள் அவனைப் பற்றி எழுதி வைத்திருந்தது இன்னும் சுருக்கமானது.

தரவரிசையில் அவனுக்கு மேலே பெங்களூர்க் குழு ஒன்று இருந்தது. என்ன செய்தும் அதைத் தாண்ட முடியவில்லை. இன்னும் நல்ல கம்ப்யூட்டர் ஒன்று வேண்டும் என்று தேடியபோதுதான் ஆலை அலுவலகத்துக் கம்ப்யூட்டர் நினைவுக்கு வந்தது. ஆலையின் அறைகளில் பொருத்தியிருந்த கேமராக்களின் படத்தைப் பதிவு செய்வதற்காக வாங்கியது அது. புதியது, வேகமானது, அணைக்கவே கூடாதது. தைப்பூசத்துக்கு முந்தின வாரம் ஒரு நாள் மூக்கில் கைக்குட்டையோடு ஆலைக்குப் போய் அதிலும் அந்தத் திட்டத்தின் மென்பொருளை ஏற்றினான். ஆனால் கேமராப் பதிவும் தேடலும் சேர்ந்து ஓடினால் தேடல் மெதுவாகியது. அதனால் பதிவை நிறுத்தினான். திரையில் படம் வழக்கம் போல ஓடும்; யார் எந்த அறைக்குப் போகிறார்கள் என்று அந்த நிமிடம் பார்க்கலாம். ஒன்றும் சேமிப்பாகாது. யாரும் கவனிக்கவில்லை. மாசி பிறக்கும்போது ராஜா காஸ்மிக் டீம் பெங்களூரைத் தாண்டிவிட்டது. அவன் கடைக்கு ஆள் அனுப்பி, வீட்டுக்கெல்லாம் பால்கோவா வாங்கிக் கொடுத்தான்.

பங்குனியில், விருதுநகர் அம்மன் கோயில் பொங்கலுக்குக் கொடியேறும் முன்பே, ஆலையில் விபத்து நடந்தது.

பூச்சட்டி வாணத்துக்கு மருந்து அடைக்கும் அறை அது. நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று கதவிலேயே எழுதியிருக்கும். வடநாட்டுக் கல்யாண ஆர்டர் ஒன்று அவசரம் என்பதால் போர்மேன் சீனிச்சாமி ஏழு பேரை உட்காரவைத்திருந்தான். நண்பகல் வெயிலில் எங்கோ ஓர் உரசல். பக்கென்று பிடித்துக்கொண்டது. வாசல் பக்கம் இருந்த ஆறு பேர் விழுந்தடித்து வெளியே ஓடினார்கள். சுவரோரம் இருந்த முனியராஜுக்கு முன்னால் அத்தனை சட்டிகளும் அத்தனை மனிதர்களும் இருந்தார்கள். அவர்கள் விலகும்வரை அவன் காத்திருக்க வேண்டியதாயிற்று. வெளியே வந்தபோது முழங்கைவரை இரண்டு கைகளும் வெந்திருந்தன.

செய்தி கேட்டதும் அய்யாதுரை ஆலைக்குப் போகவில்லை. வக்கீலை வரச் சொன்னார். சீனிச்சாமியை வரச் சொன்னார். பிறகு மருமகனையும் வரச் சொன்னார்.

“மாப்பிள்ளை, அந்த ரூம்புல ஒரு கேமரா இருக்குல்ல. ஏழு பேரும் அதுல விழுந்திருப்பாக. அதிகாரி கேக்குறதுக்கு முன்ன நாம பாத்துரணும். எடுத்துட்டு வாங்க.”

ராஜபாண்டியனுக்கு வியர்த்தது. ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. “மாமா... அதுல ஒண்ணுமில்ல” என்றான்.

“ஒண்ணுமில்லன்னா?”

“பதிவாகல. தைப்பூசத்துலருந்தே பதிவாகல. நம்ம தேடல் அதுல ஓடுச்சு. அதனால நான்...” முழுவதையும் சொன்னான். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு, வீட்டை விட்டு வெளியே போகச் சொல்லும் வார்த்தைக்காகக் காத்திருந்தான்.

அய்யாதுரை வக்கீலைப் பார்த்தார். வக்கீல் அய்யாதுரையைப் பார்த்தார். இருவருக்கும் ஒரே நேரத்தில் முகம் மலர்ந்தது.

“அப்ப ஏழு பேரு இருந்ததுக்குச் சாட்சியே கெடையாதா?” அய்யாதுரை எழுந்து வந்து மருமகனின் தோளில் கையைப் போட்டார். கல்யாணத்தன்று போட்டோவுக்காகப் போட்டது; அதற்குப் பிறகு இப்போதுதான். “மாப்பிள்ளை! உங்க விளையாட்டு நம்ம கம்பெனியக் காப்பாத்திருச்சே!”

அப்புறம் கதை கட்டும் வேலை வேகமாக நடந்தது. அறையில் இருந்தது நான்கு பேர். முனியராஜ் விதியை மீறிச் செல்போனை உள்ளே கொண்டுபோனான்; அதனால்தான் பிடித்தது. அவன் செல்போனோடு உள்ளே நுழைந்ததைச் சீனிச்சாமி அன்று சாயங்காலமே கேமராப் பதிவில் போட்டுப் பார்த்தான். பிரதி எடுப்பதற்குள் கம்ப்யூட்டர் வைரஸ் தாக்கி எல்லாம் அழிந்துவிட்டது. வக்கீல் இப்படிச் சொல்லச் சொல்ல, சீனிச்சாமி தலையாட்டிக்கொண்டே மனப்பாடம் செய்தான். வெளியே ஓடித் தப்பிய ஆறு பேரிடமும், நாலு பேர் என்று சொல்லாதவர்களுக்கு இந்தப் பக்கத்தில் எந்தக் கம்பெனியிலும் வேலை கிடைக்காது என்று அவனே போய்ச் சொல்லி வந்தான்.

எல்லாவற்றையும் ராஜபாண்டியன் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். ஒரே ஓர் இடத்தில்தான் வாயைத் திறந்தான்.

“வைரஸ்னு போட வேண்டாமே சார். அது வைரஸ் இல்ல. கேக்குறவுக தப்பா நெனைப்பாக. வேற ஏதாச்சும்...”

“சின்ன விஷயம், விடுங்க” என்றார் வக்கீல்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் அவனுக்கு நடந்த மரியாதையே வேறு. மாமியார் முதல் தோசையை அவன் தட்டில் போட்டாள். அய்யாதுரை காரில் முன் இருக்கையில் உட்காரவைத்து ஊர்ப் பெரியவர்களிடம் கூட்டிப்போனார். “எங்க மாப்பிள்ளை, கம்ப்யூட்டர்ல புலி” என்று அறிமுகம் செய்தார். ராஜபாண்டியன் நிமிர்ந்து நடந்தான். முனியராஜ் என்ற ஒருவன் அரசு மருத்துவமனைத் தீக்காய வார்டில் வாழையிலையில் கிடப்பது அவனுக்குத் தெரியும். தெரிந்திருந்தது என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை.

முனியராஜின் மனைவி வேல்விழி ஒரு நாள் காலையில் வீட்டு வாசலுக்கு வந்தாள். அவளும் பட்டாசு சுற்றுகிறவள்தான்; வேறு கம்பெனி. கேட்டைத் தாண்டி வராண்டாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ராஜபாண்டியனிடம் நேராக வந்து நின்றாள். உள்ளே பிரீத்திகா அச்சகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கதவு திறந்திருந்ததால் எல்லாம் கேட்டது.

“சார், கேமராவுல எங்க வீட்டுக்காரரு செல்லோட போனது தெரிஞ்சதுன்னு சொல்லி எழுதியிருக்காகளாம். அவருகிட்ட செல்லே கெடையாது. இருக்கிற ஒண்ணும் எங்கிட்டத்தான் இருக்கு. அந்தப் படத்தைக் காட்டுங்க, நான் பாக்கணும்.”

“படம் இல்லம்மா. கம்ப்யூட்டர்... அழிஞ்சுபோச்சு.”

“எப்படி அழிஞ்சுச்சு? நீங்கதான் அதுல ஏதோ போட்டீகன்னு கம்பெனியில பேசிக்கிடுறாக.”

இங்கே அவன் சும்மா இருந்திருக்கலாம். திட்டத்தைப் பற்றி யாராவது கேட்டால் அவனால் சும்மா இருக்க முடியாது. பேப்பரை மடித்து வைத்துவிட்டு, பல கோடி மைல்களுக்கு அப்பால் இருக்கும் நட்சத்திரங்களைப் பற்றியும், அங்கிருந்து யாராவது நம்மைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கலாம் என்பதைப் பற்றியும், அதைக் கண்டுபிடிக்கும் சில பேரில் தான் ஒருவன் என்பதைப் பற்றியும் விளக்கினான். வேல்விழி கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள்.

“கெடைச்சாகளா?” என்றாள்.

“யாரு?”

“நீங்க தேடுனவுக.”

“இன்னும் இல்ல.”

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவன் முகத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பது போலவும், அதைச் சொல்வதா வேண்டாமா என்பது போலவும் இருந்தது அந்தப் பார்வை. “சரி” என்று சொல்லிவிட்டு, கேட்டைச் சாத்திக்கொண்டு போனாள்.

பிரீத்திகா வெளியே வந்தாள். மூன்று வருடமாக அவனைப் பொறுத்துக்கொண்டவள் அவள். பயனில்லாதவன், ஆனால் கெட்டவன் இல்லை என்று தனக்குத்தானே சொல்லி வைத்திருந்தாள்.

“அப்பா என்ன எழுதிக் கொடுத்திருக்காரு? பதிவுதான் தைப்பூசத்துலருந்தே இல்லன்னு எங்கிட்டச் சொன்னீங்களே. சீனிச்சாமி எதைப் பாத்தான்?”

“அது வக்கீல் விஷயம்.”

“நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். பதிவே இல்ல, நான்தான் நிறுத்தினேன்னு சொன்னா அந்த ஆளு மேல பழி நிக்காது. நஷ்டஈடாச்சும் கெடைக்கும்.”

“பிரீத்தி, கொஞ்சம் யோசிச்சுப் பேசு. உங்கப்பா இப்பத்தான் என்னை மதிக்கவே ஆரம்பிச்சிருக்காரு.”

தானே போய்ச் சொல்லலாம் என்ற எண்ணம் பிரீத்திகாவுக்கு வந்தது. அப்பாவுக்கு எதிராகவா, அச்சகத்தில் பாதி ஆர்டர் அப்பாவுடையது அல்லவா என்ற எண்ணங்கள் பின்னாலேயே வந்தன. அவள் அச்சகத்துக்குப் போய்விட்டாள். அன்று வேலையாட்களிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தாள்.

விசாரணை விருதுநகரில், ஓர் அரசு அலுவலகத்தின் நீளமான அறையில் நடந்தது. அதிகாரி நடுவயதுப் பெண், இறுக்கமான முகம். ஒரு பக்கம் அய்யாதுரை, வக்கீல், சீனிச்சாமி, ராஜபாண்டியன். கம்பெனிப் பங்குதாரர் என்பதால் பிரீத்திகாவும் வந்திருந்தாள். எதிரே முனியராஜ், இரண்டு கைகளிலும் கட்டோடு, யாரும் உதவாமல் உட்காரவும் எழவும் முடியாமல். பக்கத்தில் வேல்விழி. பின்னால் அந்த ஆறு பேரும், மூன்று பேர் அறைக்குள் இருந்தவர்களாகவும் மற்ற மூன்று பேர் வெளியே இருந்து பார்த்தவர்களாகவும், தரையைப் பார்த்தபடி நின்றார்கள்.

எல்லாம் வக்கீல் எழுதியபடியே போனது. சீனிச்சாமி ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்தான். அந்த ஆறு பேரில் முதலில் கேட்கப்பட்டவர் “நாலு பேரு” என்றார். முனியராஜ், “செல்லு எங்கிட்ட இல்லைங்கம்மா” என்று மட்டும் சொன்னான். அதிகாரி எழுதிக்கொண்டார். கம்ப்யூட்டர் பழுதானதை உறுதி செய்ய ராஜபாண்டியனைக் கூப்பிட்டார். ஆமாம் என்று ஒரு சொல் சொல்லிவிட்டு உட்கார வேண்டியது அவன் வேலை.

“வைரஸ்னு எழுதியிருக்கு. எப்படி வந்துச்சு வைரஸ்?” என்று கேட்டார் அதிகாரி.

வக்கீல் குறுக்கே வந்தார். “இவரு சின்னப் பையன் மாதிரி மேடம். ஆசைக்கு ஏதோ கேம் இறக்கி வச்சிருக்காரு. வேற்றுக்கிரகம், ராக்கெட்டுன்னு. அதுல வந்திருச்சு.”

அதிகாரியின் இறுக்கமான முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. “பாதுகாப்பு கேமராவுக்கு வச்ச கம்ப்யூட்டர்ல வீடியோ கேம் விளையாடினீங்களா? என்ன வயசு உங்களுக்கு?”

அறையில் இருந்த குமாஸ்தாக்கள் சிரித்தார்கள். சீனிச்சாமியும் சிரித்துவிட்டான். அதைத்தான் ராஜபாண்டியனால் தாங்க முடியவில்லை.

“மேடம், அது கேம் இல்ல!”

“சரி, ஏதோ ஒண்ணு. வைரஸ் வந்துச்சுல்ல?”

“வைரஸ் வரவே இல்ல! இது உலக அளவுல விஞ்ஞானிகள் நடத்துற ஆராய்ச்சி. அந்த மென்பொருளால ஒரு கம்ப்யூட்டரும் கெட்டதில்ல. என் டீமுக்கு அப்படி ஒரு கெட்ட பேரை நான் ஒத்துக்கிட மாட்டேன்.”

வக்கீல் இருமினார். அய்யாதுரை மேஜைக்கு அடியில் மருமகனின் காலை மிதித்தார். ராஜபாண்டியன் காலை இழுத்துக்கொண்டு மேலே பேசினான். ரேடியோ தொலைநோக்கி என்றான், இரைச்சல் என்றான், பெங்களூர்க் குழு என்றான்.

“கம்ப்யூட்டர் கெடலைன்னா பதிவு எப்படி அழிஞ்சது?” அதிகாரி பேனாவை எடுத்தார்.

“அழியல மேடம். பதிவே பண்ணல. தேடலுக்கு முழு வேகமும் வேணும்னு பதிவை நானே நிறுத்தி வச்சேன்.”

“எப்போ?”

“தைப்பூசத்துக்கு முந்தின வாரம். அதுக்கப்புறம்தான் நாங்க பெங்களூரைத் தாண்டினோம்” என்றான் பெருமையாக.

அதிகாரி மெதுவாகச் சீனிச்சாமியின் பக்கம் திரும்பினார்.

“அப்போ பங்குனி மாசம் நீங்க எந்தப் பதிவைப் போட்டுப் பார்த்தீங்க?”

சீனிச்சாமி முதலாளியைப் பார்த்தான். முதலாளி சுவரைப் பார்த்தார். பின்னால் நின்ற ஆறு பேரில் ஒருத்தி, செல்லத்தாய் என்று பெயர், தலையை நிமிர்த்திச் சொன்னாள்: “ஏழு பேரும்மா. நாங்க ஏழு பேரு இருந்தோம்.” அவள் சொன்னதும் மற்றவர்களும் சொன்னார்கள். “நாலு பேரு” என்று சொன்னவரும் மாற்றிச் சொன்னார்.

ராஜபாண்டியன் இன்னும் நின்றுகொண்டிருந்தான். தான் என்ன செய்தோம் என்பது அவனுக்கு உறைக்க நேரம் பிடித்தது. மாமனாரின் முகத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. அப்போதும் அவன் அதிகாரியிடம், “மேடம், வைரஸுங்கிறதை மட்டும் அடிச்சிருவீங்கல்ல?” என்று கேட்டான்.

அவர் அடித்தார்.

ஆலையின் உரிமத்தை நிறுத்தி வைத்தார்கள். சீனிச்சாமி மேல் வழக்குப் பதிவானது. முனியராஜுக்கு முறையான நஷ்டஈடு கொடுக்க உத்தரவு வந்தது. அய்யாதுரை அப்பீல் அது இது என்று பேசிப் பார்த்துவிட்டு, இன்னும் பெரிதாக வெடிக்கும் என்று வக்கீல் எச்சரித்ததும் கொடுத்துவிட்டார். மருமகனிடம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆள் அனுப்பி ‘ஐ.டி. டைரக்டர்’ பலகையைக் கழற்றச் சொன்னார். மாமியார் தோசையை எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் அவனுக்குப் போட்டாள்.

ஆனால் வெளியே அவன் பெயர் பரவியது. சொந்த மாமனாருக்கு எதிராகச் சாட்சி சொன்ன மருமகன் என்று செய்தி வந்தது. சாத்தூரில் தொழிலாளர் சங்கம் ஒன்று கல்யாண மண்டபத்தில் பாராட்டுக் கூட்டம் வைத்தது. முதல் இரண்டு நாள் பயந்து கிடந்த ராஜபாண்டியன், அழைப்பிதழில் ‘மனசாட்சியின் குரல்’ என்று தன் பெயருக்கு மேல் அச்சிட்டிருந்ததைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தான். அதைத் திரும்பத் திரும்பப் படித்தான். படிக்கப் படிக்க, நடந்தது அதுதான் என்று அவனுக்கே தோன்றிவிட்டது.

காரை ஓட்டிக்கொண்டு பிரீத்திகாதான் அவனைக் கூட்டிப்போனாள். மேடையில் அவன் நெடுநேரம் பேசினான். அந்தத் தொழிலாளியின் கைகள் தன் கண்ணுக்குள்ளேயே நின்றதாகச் சொன்னான். உண்மையைச் சொல்வதா, குடும்பத்தைக் காப்பதா என்று நாள் கணக்கில் தூங்காமல் தவித்ததாகச் சொன்னான். பக்கத்தில் படுத்து அவன் குறட்டையைக் கேட்டவள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கூட்டம் கைதட்டியது.

சால்வை போர்த்த வேல்விழியைக் கூப்பிட்டார்கள். முனியராஜ் வரவில்லை, கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான். அவள் மேடையேறி, சால்வையைக் கையில் வைத்துக்கொண்டே மைக்கைப் பிடித்தாள்.

“இவுக எங்க வீட்டுக்காரருக்காகப் பேசல. அந்த ஆராய்ச்சியக் கேவலமாச் சொன்னாகன்னு கோவத்துல பேசினாக. நான் அங்கன இருந்தேன். ஆனா சொன்னது நெசம். அதுக்காக இது.”

போர்த்திவிட்டு இறங்கிப் போனாள். சங்கத்துக்காரர்கள் ஒரு நிமிடம் திகைத்துவிட்டு, பலமாகக் கைதட்டிச் சமாளித்தார்கள். ராஜபாண்டியன் கும்பிட்ட கையை இறக்கவேயில்லை.

திரும்பும் வழியில் ரயில்வே கேட் போட்டிருந்தது. பிரீத்திகா இன்ஜினை அணைத்தாள். ராஜபாண்டியன் சால்வையை இன்னும் கழற்றவில்லை.

“பாத்தியா, அந்தப் பொம்பள என்ன நன்றியோட பேசுச்சு! படிக்காதவுகளா இருந்தாலும் அவுகளுக்குப் புரியுது. உங்கப்பாவுக்குத்தான் புரியல.”

பிரீத்திகா ரயில் வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “நீங்க உங்கம்மா வீட்டுக்குப் போயிருங்க” என்றாள்.

“காரியாபட்டிக்கா? எதுக்கு? எம்புட்டு நாளைக்கு?”

“போயிருங்க. ஏ.சி. ரூம்புல இருக்கிற கம்ப்யூட்டரையும் எடுத்துக்கங்க.”

“இப்ப நான் என்ன செஞ்சேன்? உண்மையச் சொன்னது தப்பா?” அவன் குரலில் உண்மையான ஆச்சரியம் இருந்தது.

அவனுக்கு விளக்க அவள் வாயைத் திறந்தாள். எங்கே தொடங்கினாலும் அவன் தலையசைத்துக்கொண்டே, கேட்காமல், தன் முறைக்காகக் காத்திருப்பான் என்று தெரிந்தது. வாயை மூடிக்கொண்டாள். அவன் மேல் மட்டும் என்று அதுவரை நினைத்திருந்த வெறுப்பில் தனக்கும் ஒரு பங்கு இருப்பது அவளுக்குத் தெரிந்தது. விசாரணை அறையில் அவளும்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. ரயில் போனது. கேட் திறந்தது.

ஆலை ஆடி மாதம் திறந்தது. முனியராஜின் கைகள் ஆறின, ஆனால் விரல்கள் பழையபடி மடங்கவில்லை. நஷ்டஈட்டில் வெள்ளாடுகள் வாங்கி வெம்பக்கோட்டை அணைப் பக்கம் மேய்க்கிறான். வேல்விழி பழைய கம்பெனிக்கே போகிறாள். அவளுக்கு யாரிடமும் புகார் இல்லை, யாரிடமும் பேச்சும் இல்லை. பிரீத்திகா ஆலைக் கணக்கையும் சேர்த்துப் பார்க்கிறாள். அப்பாவும் மகளும் வேலை விஷயம் மட்டும் பேசிக்கொள்கிறார்கள்.

ராஜபாண்டியன் காரியாபட்டியில் தாய்மாமனின் சிமெண்ட் கடையில் இருக்கிறான். வானத்து இரைச்சல் போதுமான அளவு சலித்தாகிவிட்டது, இனித் துண்டுகள் அனுப்பப்போவதில்லை என்று அந்தப் பல்கலைக்கழகம் அறிவித்தது. வேற்றுக்கிரகவாசி யாரும் அகப்படவில்லை. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை; இப்போது அவனிடம் சொல்ல வேறு கதை இருக்கிறது. கடைக்கு வருகிறவர்களை உட்காரவைத்து டீ வரவழைத்து, மாமனாரின் கோட்டைக்குள் இருந்தபடியே ஏழைத் தொழிலாளிக்காக எழுந்து நின்ற கதையை முதலிலிருந்து சொல்வான். கல்லாவுக்குப் பின்னால் சால்வை போர்த்திய போட்டோ மாட்டியிருக்கிறது.

ஒரு தடவை பி.வி.சி. குழாய் வாங்க வந்த விவசாயி ஒருவர் முழுக் கதையையும் கேட்டார். டீயைக் குடித்து முடித்துவிட்டு, “பாவம். அந்த ஆளுக்குக் கை இப்ப எப்படி இருக்கு?” என்று கேட்டார்.

“தெரியலையே. அதை யாரும் எங்கிட்டச் சொல்லல” என்றான் ராஜபாண்டியன். பிறகு, விட்ட இடத்திலிருந்து, விசாரணை அறையில் தான் எழுந்து நின்ற கட்டத்தை இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆரம்பித்தான். விவசாயி குழாயைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே வெளியே நடந்தார்.